தேக்காவில் வாங்கிய சுறாத் துண்டு எந்த இனம்? அதைச் சாப்பிடலாமா?

பின்னால் வந்து படிப்பவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனைவிக்குப் பிரசவம் ஆகி இரண்டு வாரம். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார் பத்தியத்துக்குச் சுறாப் புட்டு செய்ய வேண்டும் என்று சொல்ல, நீங்கள் சிங்கப்பூரின் தேக்கா ஈரச்சந்தையில் ஒரு கிலோ வாங்கியிருக்கிறீர்கள். மீன்காரர் "பால் சுறாதான், நம்பி வாங்குங்க" என்று தோலோடு துண்டு போட்டுக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் மகள், அழிந்துவரும் மீனை அப்பா வாங்கி வந்துவிட்டார் என்று அழுதிருக்கிறாள். துண்டுகளின் படத்தைப் போட்டு இது எந்த இனம், வாங்கியது குற்றமா, இனி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகளாக எழுதியிருந்தாலும் நீங்கள் உண்மையில் கேட்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: உங்கள் வீட்டுச் சட்டியில் இருப்பது அந்த அரிய சுறாக்களில் ஒன்றா, மகள் சொல்வது சரியா?

நான் கடல் உயிரியல் படித்தவன். சில ஆண்டுகள் ஜூரோங் மீன்பிடித் துறைமுகத்தில், ஏலத்துக்கு வரும் சுறாக்களையும் திருக்கைகளையும் அளந்து, படமெடுத்து, நகக்கண் அளவு தசைத் துணுக்கு வெட்டிக் குப்பியில் போட்டுப் பதிவுசெய்யும் வேலையில் இருந்தேன். மருத்துவன் இல்லை. அதனால் பத்தியத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் அளவோடு நிறுத்திக்கொள்வேன்.

படத்தை வைத்து உறுதியாகச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். துண்டுகள் உருண்டையாக இருக்கின்றன, முள் இல்லை, நடுவில் வெள்ளை வட்டம் ஒன்று தெரிகிறது, தோல் செதிலில்லாமல் சாம்பல் நிறத்தில் இருக்கிறது. அப்படியானால் அது குருத்தெலும்பு மீன். ஒன்று சுறா, இல்லையென்றால் சுறா போலவே தெரியும் திருக்கை வகையான உழுவை. அதற்கு மேல் எந்த இனம் என்று நானும் சொல்ல முடியாது, வேறு எந்த நிபுணரும் சொல்ல முடியாது. தலையும் துடுப்பும் வாலும் போன பிறகு மரபணுச் சோதனை ஒன்றுதான் வழி. யாராவது அந்தப் படத்தைப் பார்த்து அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

மீன்காரர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. பால் சுறாவாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. இந்தப் பக்கத்துக் கடல்களில் அது பரவலாகக் கிடைக்கும் சிறிய இனம். பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் நின்றுவிடும். இரண்டு மூன்று வயதில் பருவத்துக்கு வந்துவிடும், ஒரு முறைக்கு ஒன்றிலிருந்து எட்டுக் குட்டி வரை போடும். சுறா உலகத்தில் இது வேகமாகப் பெருகும் இனம். அதுவே இன்று, அழியும் ஆபத்தைத் தரம்பிரித்துச் சொல்லும் அனைத்துலகச் சிவப்புப் பட்டியலில் 'பாதிப்புக்குள்ளாகக்கூடியது' என்ற தரத்தில் இருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு மீட்டருக்குக் குறைவான சுறாவெல்லாம் துறைமுகத்தில் ஒரே கூடையில்தான் விழும், அந்தக் கூடையில் பெரிய இனங்களின் குட்டிகளும் இருக்கும். கொம்பன் சுறா என்று நம் மீனவர்கள் சொல்லும் சுத்தியல்தலைச் சுறாவின் குட்டி, பிறக்கும்போதே அரை மீட்டர் வரை இருக்கும். கரையோரத்து ஆழமில்லாத நீரில்தான் அவை வளரும் என்பதால் கரைவலையிலும் செவுள்வலையிலும் மாட்டுவது பெரும்பாலும் குட்டிகள்தான். அகன்ற தலையை நறுக்கிவிட்டால் உடல் பால் சுறாவைப் போலவே இருக்கும். அந்தக் கொம்பன் சுறா மிக ஆபத்தான நிலையில் உள்ள இனம். மீன் சின்னதாக இருக்கிறது, அதனால் சாதாரண இனம் என்று எடுத்துக்கொள்வது சந்தையில் நான் அதிகம் கேட்ட தவறான கணக்கு.

உழுவையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிங்கப்பூரில் அரிய மீன் என்று பேசினால் முதலில் பேச வேண்டியது அதைத்தான். மேலிருந்து பார்த்தால் முன்பாதி திருக்கை மாதிரி தட்டையாக, மூக்கு கூராக இருக்கும். பின்பாதி அசல் சுறா: முதுகில் உயரமான இரண்டு துடுப்பு, தடித்த வால். புரட்டிப் போட்டால் செவுள் பிளவுகள் அடிப்பக்கத்தில் இருக்கும். சுறாவுக்கு அவை கழுத்தின் பக்கவாட்டில் இருக்கும். முழு மீனாகக் கிடைத்தால் இந்த ஒரு அடையாளம் போதும், உழுவை திருக்கைக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று தெரிந்துவிடும். வெட்டிய பிறகு அதுவும் சுறா என்றே விலை போகும். வெள்ளைச் சதை, நார் குறைவு, புட்டுக்கு அருமையாக உதிரும்.

உழுவைகளும் அவற்றின் நெருங்கிய உறவான பெருங்கிட்டார் மீன்களும் சேர்த்து 16 இனங்கள். 2019இல் அவற்றை மறுமதிப்பீடு செய்தபோது 15 இனங்கள் 'மிக ஆபத்தான நிலை' என்ற தரத்துக்குப் போயின. அதைத் தாண்டினால் இயற்கையில் இல்லை என்ற நிலைதான். கடல் மீன் குடும்பங்களிலேயே இவ்வளவு மோசமான நிலையில் வேறு எதுவும் அப்போது இல்லை. காரணம் வெளிப்படையானது. அவற்றின் துடுப்பு, சுறாத் துடுப்பு வியாபாரத்தில் 'குன் ச்சி' என்ற பெயரில் மிக உயர்ந்த விலைக்குப் போகிறது. மணல் தரையில் கிடக்கும் மீன் என்பதால் இழுவலைக்கும் தப்பாது. துடுப்பு ஒரு பக்கம் போகும், இறைச்சி இன்னொரு பக்கம் நம் மாதிரி ஆட்களுக்கு வரும்.

உழுவைகளில் ரிங்கோபேட்டஸ் குக்கி என்று ஓர் இனம் உண்டு. ஒரு மீட்டரைக்கூடத் தொடாத சின்ன உழுவை, உடம்பில் அழகான வெள்ளைப் புள்ளிகள். இதை அறிவியல் முறைப்படி விவரித்துப் பெயர் வைத்ததே 2016இல்தான். பெயர் வைக்க ஆதாரமாக இருந்த மீன்கள் எங்கிருந்து வந்தன தெரியுமா? சிங்கப்பூர், ஜக்கார்த்தா மீன் சந்தைகளிலிருந்து. அது கடலில் உயிரோடு நீந்துவதைப் பார்த்த ஆராய்ச்சியாளர் ஒருவரும் கிடையாது. 1996க்குப் பிறகு அது யார் கண்ணிலும் படவில்லை, முடிந்துபோயிற்று என்றே பலர் நினைத்தார்கள். 2019இல் சிங்கப்பூர் மீன் சந்தையில் இறந்த மீன் ஒன்று கிடைத்தது. அதன் பிறகு ஆராய்ச்சியாளர்கள் இந்தோனேசிய மீனவர்கள் சமூக ஊடகத்தில் பெருமையாகப் போட்டிருந்த படங்களைத் தேடினார்கள். லிங்கா தீவுப் பகுதியில், அதாவது நமக்குத் தெற்கே, பாத்தாம், பிந்தானைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், அந்த மீன் இன்னும் பிடிபடுகிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது.

இதை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அரிய மீன் என்றால் எங்கோ ஆழ்கடலில், முக்குளிப்பவர்கள் ஒளிப்படக் கருவியோடு தேடிப்போகும் இடத்தில் இருக்கும் என்று உங்கள் மகள் நினைக்கலாம். நம் வட்டாரத்தில் நிலைமை வேறு. இங்கே அரிய சுறா, திருக்கைகளை அறிவியல் சந்தித்த இடமே பெரும்பாலும் ஈரச்சந்தையின் பனிக்கட்டிப் பெட்டிதான். துறைமுகத்தில் சறுக்கும் தரையில், தள்ளுவண்டிகளுக்கு நடுவே குனிந்து அளவுநாடாவைப் பிடித்தால், பக்கத்தில் நிற்பவர் "அது என்ன மீன், அத்தனை படம் எடுக்கிறீங்க?" என்று கேட்பார். சொன்னால் தோளைக் குலுக்கிவிட்டு, கிலோ விலையைச் சொல்வார். அவர் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. அவருக்கு அது ஒரு பெட்டிச் சரக்கு.

ஜாவா கடலில் குட்டித் திருக்கை இனம் ஒன்று இருந்தது. அதன் ஒரே ஒரு மாதிரி 1862இல் இன்றைய ஜக்கார்த்தாவின் மீன் சந்தையில் வாங்கப்பட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ தேடல், ஒன்றும் அகப்படவில்லை. 2023 டிசம்பரில் அது அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. மனிதர்களால் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட முதல் கடல் மீன் அதுதான். தென்சீனக் கடலில் இன்னொரு சுறா: 2019இல்தான் பெயர் கிடைத்தது, ஆனால் 1934க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. அருங்காட்சியகப் போத்தல்களில் இருந்த மாதிரிகளை வைத்துத்தான் பெயரே வைத்தார்கள். நம் ஆட்களுக்கு நெருக்கமான ஒன்றும் உண்டு. புதுச்சேரிச் சுறா என்று ஓர் இனம், 1839இல் பெயரிடப்பட்டது. உலக அருங்காட்சியகங்கள் எல்லாவற்றிலும் சேர்த்து 20 மாதிரிகூடக் கிடையாது, அறிவியல் பதிவில் கடைசியாக உறுதியானது 1979. மாமியாருக்கு ஊர் கடலூர் பக்கம் என்று எழுதியிருந்தீர்கள். அவரிடம் சொல்லிப் பாருங்கள், ஆர்வமாகக் கேட்பார்.

சரி, ஏன் இந்த மீன்கள் மட்டும் இப்படித் தடுமாறுகின்றன? விடையின் பாதி உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. புட்டுக்குத் துண்டுகளை வெந்நீரில் போட்டு எடுத்ததும் மாமியார் கத்தியால் தோலைச் சுரண்டியிருப்பார், மணல் மாதிரி உதிர்ந்திருக்கும். அது கடல் மணல் இல்லை. ஒவ்வொரு துகளும் ஒரு நுண்ணிய பல். நம் பல்லைப் போலவே உள்ளே பற்கூழ், மேலே பல்திசு, அதன் மேல் பளிங்குப் பூச்சு. தலையிலிருந்து வால் பக்கம் தடவினால் வழவழ என்று போகும், எதிர்ப்பக்கம் தடவினால் கை உரசிப் புண்ணாகும். சுறா பழசானால் வரும் அந்த மூக்கைத் துளைக்கும் வாடையும் காரணம் இல்லாமல் இல்லை. உப்புக் கடல் தன் உடம்பு நீரை உறிஞ்சிவிடாமல் இருக்கச் சுறா தன் இரத்தத்தில் யூரியாவைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. செத்த பிறகு நுண்கிருமிகள் அதை அம்மோனியாவாக மாற்றுகின்றன. மஞ்சளும் பூண்டும் அள்ளிப் போடுவது சும்மா இல்லை.

முக்கியமானது துண்டின் நடுவில் தெரியும் அந்த வெள்ளை வட்டம். அது முதுகெலும்பின் ஒரு கண்ணி. மெல்லியதாக அறுத்து ஒளியில் பிடித்தால் உள்ளே வளையம் வளையமாகத் தெரியும், மரத்தின் அடிக்கட்டையில் தெரிவது போல. அதை எண்ணித்தான் சுறாவின் வயதைக் கணிக்கிறோம். அப்படிக் கணித்துத்தான், பெரும்பாலான சுறா, திருக்கைகள் மெதுவாக வளர்கின்றன, பல ஆண்டு கழித்துத்தான் பருவத்துக்கு வருகின்றன என்பதைக் கண்டோம். ஒரு வஞ்சிரமோ கொடுவாவோ இலட்சக்கணக்கில் முட்டை இடும். இவை கைவிரல் விட்டு எண்ணக்கூடிய குட்டிகளைத்தான் போடும். தலைப்பகுதி யானைத் தந்தம் போலக் கெட்டியான முட்களோடு இருக்கும் வில்வாய் உழுவை ஒரு முறைக்கு 2 முதல் 11 குட்டி. கொம்புத்திருக்கை ஒரே ஒரு குட்டி, அதுவும் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை. பால் சுறாவில் குட்டி தாய்க்குள் தொப்புள்கொடியோடு வளர்கிறது. சூல் கொண்ட பால் சுறாவை வெட்டும்போது அந்தக் கொடியைப் பார்க்கலாம், பிறந்த குட்டியின் மார்புத் துடுப்புகளுக்கு நடுவே அதன் தழும்பும் இருக்கும். சுமார் ஓர் ஆண்டு சுமந்து பெறும் மீனை, முட்டையிட்டுவிட்டுப் போகும் மீனோடு ஒரே கணக்கில் வைத்துப் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

இந்த வளையக் கணக்கும் முழுக்க உறுதியானது அல்ல. கொம்பன் சுறாவுக்குத் தைவானில் செய்த ஆய்வு ஆண்டுக்கு இரண்டு வளையம் என்று எடுத்துக்கொண்டது. அட்லாண்டிக்கில் செய்தது ஒன்று என்று எடுத்துக்கொண்டது. ஒரே எண்ணிக்கை வளையம், ஆனால் வயது இரட்டிப்பாகிவிடும். முதிர்ந்த மீன்களில் வளையம் போடுவது குறைந்துவிடுவதும் உண்டு, அப்போது நாம் வயதைக் குறைத்து மதிப்பிடுகிறோம். ஆகவே "இந்தச் சுறா இத்தனை ஆண்டு வாழும்" என்று எங்காவது துல்லியமான எண் பார்த்தால் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

எது உறுதி, எது ஐயம் என்பதை இன்னும் கொஞ்சம் பிரித்துச் சொல்கிறேன். உலக அளவில் 1,199 சுறா, திருக்கை, அவற்றின் உறவான கைமீரா மீன் இனங்களை மதிப்பிட்டு 2021இல் வெளியிட்டதில் 391 இனங்கள் அற்றுப்போகும் ஆபத்தில் உள்ளவை என்று வந்தது. இது நூற்றுக்கணக்கான வல்லுநர்கள் சேர்ந்து செய்தது, இதை நம்பலாம். அதில் பலருக்கு எட்டாத செய்தி, சுறாவைவிடத் திருக்கைகளின் நிலை மோசம் என்பது: திருக்கை இனங்களில் ஏறத்தாழ 41 விழுக்காடு ஆபத்தில் இருப்பதாக மதிப்பீடு. பெருங்கடலில் திரியும் சுறா, திருக்கைகளின் எண்ணிக்கை 1970லிருந்து 71 விழுக்காடு குறைந்திருக்கிறது என்ற மதிப்பீடும் அதே ஆண்டு வந்தது, அதுவும் வலுவான ஆய்வுதான். ஆனால் மலாக்கா நீரிணையிலோ ரியாவ் தீவுகளைச் சுற்றியோ இத்தனை உழுவை மிச்சம் இருக்கிறது என்று யாரும் எண்ணியதில்லை. முன்பு வலையில் வந்த எடை என்ன, இப்போது வருவது என்ன என்ற ஒப்பீட்டிலிருந்து ஊகிப்பதுதான். அந்தப் பதிவுகளில் பல காலமாக எல்லாமே 'சுறா', 'திருக்கை' என்று இரண்டே வரியில் எழுதப்பட்டவை. அதனால் சரிவு நடந்திருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. எவ்வளவு வேகம் என்பதில் உண்டு.

இரண்டாவது கேள்வி, சட்டம். நீங்கள் செய்தது குற்றமில்லை. சிங்கப்பூரில் கடையில் சுறா வாங்குவதற்கோ சாப்பிடுவதற்கோ தடை கிடையாது. நாடு விட்டு நாடு போகும் வியாபாரத்தைத்தான் சைட்டீஸ் என்ற அனைத்துலக உடன்பாடு கட்டுப்படுத்துகிறது, இங்கே அதைச் செயல்படுத்துவது தேசியப் பூங்காக் கழகம். வேளா மீன், அதாவது இரம்பம் போல மூக்குள்ளது, வணிகத்துக்கு முழுத் தடை உள்ள பட்டியலில் இருக்கிறது. கொம்பன் சுறா 2013இலும், உழுவைகள் 2019இலும் அனுமதி தேவைப்படும் பட்டியலில் சேர்ந்தன. 2022 நவம்பரில் பனாமாவில் நடந்த கூட்டத்தில் பால் சுறா உட்பட அதன் குடும்பம் முழுவதையும் சேர்த்தார்கள், ஓர் ஆண்டு கழித்து அது நடைமுறைக்கு வந்தது. ஆகவே இறக்குமதி செய்பவரிடம் தாள் இருக்க வேண்டும். இந்தியா 2001இலேயே திமிங்கிலச் சுறா, வேளா, புதுச்சேரிச் சுறா போன்ற சிலவற்றை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வைத்துவிட்டது. ஊரில் அவற்றைப் பிடிப்பது புலியைக் கொல்வதற்குச் சமமான குற்றம்.

தாளில் எழுதியது ஒன்று, பெட்டியில் இருப்பது ஒன்று என்று ஆவது எளிது. இங்கே கடைகளிலிருந்து துடுப்பும் இறைச்சியும் வாங்கி மரபணு பார்த்த ஆய்வுகளில் ஆபத்தான இனங்கள் திரும்பத் திரும்ப அகப்பட்டிருக்கின்றன. எனக்கு மறக்கவே மறக்காதது 2022இல் வந்த பூனைத் தீனி ஆய்வு. சிங்கப்பூரில் விற்கும் 16 வணிகப்பெயர்களின் 45 செல்லப்பிராணித் தீனிகளிலிருந்து 144 மாதிரி எடுத்தார்கள், ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் சுறா. உறையில் 'மீன்', 'கடல் மீன்' என்றுதான் போட்டிருந்தது. சுறாத் துடுப்புச் சூப்பை வேண்டாம் என்று மறுத்த நல்லவர்கள் வீட்டுப் பூனையும் சுறா தின்றுகொண்டிருந்தது.

"யாரும் எனக்காகச் சுறா பிடிக்கப் போகவில்லை, வேறு மீனுக்குப் போட்ட வலையில் வந்ததுதானே?" என்று உங்கள் பதிவுக்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. நம் வட்டாரத்தில் பெரும்பகுதி அப்படி வருவதுதான். நீங்கள் ஒரு கிலோ வாங்காமல் விட்டால் நாளைக்கே ஓர் உழுவை பிழைத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் துடுப்புக்கும் இறைச்சிக்கும் விலை இருக்கும் வரை, வலையில் வந்ததைத் திருப்பி விடவோ, வராமல் தடுக்கவோ மீனவருக்கு எந்தக் காரணமும் இல்லை. தடுக்க முடியும் என்பதற்கு வட ஆஸ்திரேலியா சாட்சி. அங்கே இறால் இழுவலைகளில் ஆமை தப்பிப் போக ஒரு கம்பித் தடுப்பை 2000ஆம் ஆண்டில் கட்டாயமாக்கினார்கள். ஆமைக்காக வைத்தது, பெரிய திருக்கைகளும் உழுவைகளும் அந்த வழியாகவே வெளியேறுகின்றன. நான் மேலே சொன்ன 16 இனங்களில் மிக ஆபத்தான நிலைக்குப் போகாமல் தப்பிய ஒன்று பெரிதும் அந்தக் கடலில்தான் வாழ்கிறது. உழுவையின் உடலமைப்பு அங்கும் இங்கும் ஒன்றுதான், வலைதான் வேறு. அதனால் என் கணிப்பில் இந்தப் பிரச்சினையின் சாவி சாப்பிடுபவர் கையில் கால்வாசி, அரசுகள் கையில் முக்கால்வாசி. உங்கள் மகள் உங்களைக் குற்றவாளி ஆக்க வேண்டியதில்லை. அவள் கவலை மட்டும் சரியானது.

இடையில் ஒரு சொல். சுறா என்றால் முகம் சுளிப்பவர்கள் உணவங்காடியில் வாழையிலையில் வரும் சம்பால் திருக்கையை யோசிக்காமல் சாப்பிடுகிறோம், நானும் சாப்பிட்டு வளர்ந்தவன்தான். அந்தத் தட்டுக்கு வரும் சாட்டைவால் திருக்கைகளில் வெள்ளைப்புள்ளித் திருக்கை போன்றவை ஆபத்தான இனங்கள்தான். அவற்றைப் பற்றி எந்தச் சுவரொட்டியும் பேசுவதில்லை.

இனி மூன்றாவது, உங்கள் மனைவியின் சாப்பாடு. சுறா நல்ல புரதம், எளிதில் செரிக்கும், பிள்ளை பெற்ற உடம்புக்குப் புரதம் வேண்டும். இதெல்லாம் சரி. ஆனால் சுறா தின்றால் பால் கூடும் என்பது நம்பிக்கை அளவில் நிற்கிறது. பால் சுரப்பைப் பெரிதும் தீர்மானிப்பது குழந்தை எத்தனை முறை சப்பிக் குடிக்கிறது என்பதும் தாயின் ஓய்வும். நிச்சயமாகத் தெரிந்தது இன்னொன்று. சுறா மற்ற மீன்களைத் தின்று நீண்ட காலம் வாழ்வதால் அதன் சதையில் மெத்தில் பாதரசம் என்ற நச்சு சேர்கிறது. கழுவினாலும் வேகவைத்தாலும் அது போகாது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தவிர்க்க வேண்டிய மீன்களின் பட்டியலில் சுறாவை வைத்திருக்கிறது. சின்னச் சுறாவில் பாதரசம் குறைவாக இருக்கலாம், ஆனால் உங்கள் துண்டு சின்ன இனமா, பெரிய இனத்தின் குட்டியா என்பதே தெரியாது. ஒருநாள் சாப்பிட்டதால் பயப்பட ஒன்றுமில்லை. நாள் தவறாமல் கொடுப்பதை நிறுத்துங்கள், ஐயம் இருந்தால் பிரசவம் பார்த்த மருத்துவரிடமோ தாய்ப்பால் ஆலோசனை சொல்லும் தாதியிடமோ கேளுங்கள். அவர் சொல் என் சொல்லைவிட முக்கியம்.

மாமியாரிடம் எடுத்துச் சொல்வது இதைவிடக் கடினம் என்று எனக்குத் தெரியும். "சுறா வேண்டாம்" என்று ஆரம்பிக்காதீர்கள். கொடுவா வாங்கிக் கொடுங்கள். ஜொகூர் நீரிணைப் பண்ணைகளிலேயே வளர்கிறது, சதை கெட்டி. ஆவியில் வேகவைத்து, முள் எடுத்து, உதிர்த்து, துணியில் ஒரு பிழி பிழிந்து தண்ணீரை எடுத்துவிட்டு, பிறகு பூண்டும் சின்ன வெங்காயமும் மிளகும் தாளித்துச் சிறு தீயில் உலர வதக்கச் சொல்லுங்கள். பிழியாமல் விட்டால் கூழாகிவிடும். சுறாப் புட்டின் அந்தப் பூப்பூவான பதம் அப்படியே வராது, பொய் சொல்ல மாட்டேன். முக்கால்வாசி வரும். கானாங்கெளுத்தியிலும் செய்யலாம், வாசம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

மகளுக்கு ஒரு வழி சொல்கிறேன். சுறா பார்க்க ஆழ்கடலுக்குப் போக வேண்டாம். சிங்கப்பூர்க் கரையிலேயே மூங்கில் சுறா இருக்கிறது. நீர் நன்றாக வற்றும் நேரத்தில் பாசிர் ரிஸ், சாங்கி பக்கத்துக் கடற்புல் திட்டுகளிலும் செமக்காவ் தீவிலும் கை நீளச் சுறா ஒன்று தரையோடு தரையாகக் கிடக்கும். குட்டியில் உடம்பு முழுக்கப் பட்டை இருக்கும், வளர வளர மங்கிவிடும். அது முட்டையிடும் இனம், தோல்பை மாதிரி முட்டை. தெற்குத் தீவுகளில் கருந்துடுப்புச் சுறாவும் நீலப்புள்ளித் திருக்கையும் உண்டு. தரையில் காலை இழுத்து இழுத்து வைத்து நடக்கச் சொல்லுங்கள், திருக்கை முதலிலேயே விலகிவிடும். தொடவோ தூக்கவோ வேண்டாம்.

அப்புறம், சந்தையில் எப்போதாவது வெட்டாத முழு உழுவையையோ பெயர் தெரியாத சுறாவையோ பார்த்தால் மூன்று படம் எடுங்கள்: தலையை மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் முதுகுத் துடுப்பு இரண்டும் தெரிய ஒன்று, மீன்காரர் மனம்கோணாமல் புரட்டிக் காட்டினால் அடிப்பக்கம் வாயும் செவுளும் தெரிய ஒன்று. அளவு தெரிய பக்கத்தில் ஒரு ஈசிலிங்க் பயண அட்டையை வையுங்கள். எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்டு எழுதி இங்கே போட்டால், துண்டுக்குச் சொல்ல முடியாத பதிலை முழு மீனுக்கு என்னால் சொல்ல முடியும்.